காவடிச் சிந்து தந்த கவிராயர்

தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோயிலுக்கு அண்மையில் அமைந்த சிற்றூர் சென்னிகுளம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வூரில் தோன்றியவர் அண்ணாமலை ரெட்டியார். முப்பது அகவை நிரம்புமுன் மறைந்த இக்கவிஞர், நாட்டார் இசைமெட்டு ஒன்றினைத் தமிழிலக்கியத்தின் நிலையான செல்வமாக்கிச் சென்றார்.

இளமையில் சேற்றூர்ப் புலவர் இராமசாமிக் கவிராயரிடம் தமிழ் பயின்றார் ரெட்டியார். பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனம் சென்று, சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் கல்வியைத் தொடர்ந்தார், உ.வே.சாமிநாதையரிடமும் பாடம் கேட்டார். மடத்துப் புலமை என்பது அந்நாளில் யாப்பின் அருமைகளை வென்று காட்டும் புலமை. அதில் ரெட்டியார் எவருக்கும் இளைத்தவரல்லர். அடிதோறும் முதலெழுத்து மட்டும் வேறுபட, ஏனைய எழுத்துகள் ஒன்றி நின்று வெவ்வேறு பொருள் பயக்கும் திரிபு யாப்பில், சங்கரன்கோயில் திரிபந்தாதி பாடினார். கருவை மும்மணிக்கோவை, வீரை அந்தாதி, வீரைப் பிள்ளைத்தமிழ் ஆகியனவும் அவர் படைப்புகளே.

ஊற்றுமலைக் குறுநிலத் தலைவர் இருதாலய மருதப்பத் தேவர் ரெட்டியாரைத் தம் அவைப்புலவராக ஏற்றுப் போற்றினார். முருகனடியாராகிய அவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் சென்றபொழுது, வழிநடை வருத்தம் தோன்றாதிருக்க ரெட்டியார் பாடியவையே காவடிச் சிந்து என்பது வழிவழி வரும் செய்தி. கோடை வெயில், கரிசல் நிலம், தோளில் சுமை. அந்நிலையில் பாட்டு என்பது கேட்டு மகிழ்வதற்கு மட்டும் உரியதன்று. தளரும் கால்களுக்கு அதுவே ஊன்றுகோல். அடியெடுத்து வைக்கும் தாளம் பிசகினால் கூட்டம் கலையும். மூச்சு முட்டினால் பாட்டு நிற்கும்.

இந்தத் தேவையை உணர்ந்து ரெட்டியார் தம் புலமை முழுவதையும் மக்கள் மெட்டிற்குள் இறக்கினார். மடத்தில் பயின்ற எதுகையும் மோனையும் இங்கே நடையைத் தாங்கும் அடிகளாயின. நீண்டோடும் அடியைச் சிறுசிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் இறுதியிலும் இயைபு வந்து விழச் செய்தார். மூச்சு வாங்கும் இடமும் காலடி விழும் இடமும் அதுவே. பொருளிலும் அவர் குறை வைக்கவில்லை. கழுகுமலையின் கோயில் வளமும் நகர் வளமும் பாடி, முருகன்பால் காதல் கொண்ட தலைவியின் ஏக்கத்தையும் தோழியின் உரையையும் அகப்பொருள் மரபு வழுவாது அமைத்தார். எழுத்தறியாதவர் மெட்டிற்காகவும், கற்றவர் சொல்நயத்திற்காகவும் ஒரே பாட்டைப் போற்றும் நிலை உருவாயிற்று.

செஞ்சுருட்டி இராகத்தைக் கேட்டவுடன் காவடிச் சிந்தின் மெட்டு நினைவிற்கு வருமளவிற்கு அந்த இசை தமிழர் செவியில் பதிந்துவிட்டது. காவடியாட்டத்திற்கு முழங்கும் நையாண்டி மேளத்திலும், கருநாடக இசையரங்கின் நிறைவுப் பகுதியிலும், இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் அது ஒலித்தது. கழுகுமலைக்கு அண்மையிலுள்ள எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதியார், சிந்து வடிவைத் தம் புதிய பாடுபொருளுக்குப் பெரிதும் கையாண்டார். அவருக்கு முன்னரே அவ்வடிவின் ஆற்றலை ஏட்டிலும் நாட்டிலும் நிலைநாட்டியவர் ரெட்டியார்.

அவருடைய அந்தாதிகளை இன்று ஆய்வாளரே தேடிப் படிக்கின்றனர். சிந்தோ தேடுவாரின்றியே வாழ்கிறது. புலமையில் இரண்டும் ஒருவருடையவை. ஒன்று அவையோர் வியக்கப் பாடப்பட்டது, மற்றொன்று உடன் நடப்பவர் களைப்பாறப் பாடப்பட்டது. இவ்வேறுபாடு கவிஞர் பெருமக்கள் எண்ணிப் பார்க்கத் தக்கது.

மரக்காணத்து உப்பளக் கரையையும் பெரிய முதலியார்சாவடியையும் உள்ளடக்கிய இந்தக் கடற்பகுதிக்கு மேற்கே மயிலம் குன்று உள்ளது. பங்குனி உத்திரத்தில் அங்கே காவடிகள் ஏறுகின்றன. கழுகுமலையைக் கண்டிராத கால்களும் சிந்தின் தாளத்திற்கு அசைகின்றன. தம் பெயரை அறியாதவர் நாவிலும் வாழ்வதே அண்ணாமலை ரெட்டியார் பெற்ற பெரும்பேறு.