குளத்தை எண்ணிய இளைஞர்: ரேமண்ட் லிண்டமன்

நம் செம்பனைக் காட்டில் எலிகள் ஏராளம். அவற்றைத் தின்னும் ஆந்தைகளோ கொஞ்சம்தான். ஆந்தைக்கென்று பெட்டி கட்டி வைத்தாலும் அவை எலி அளவுக்குப் பெருகுவதில்லையே, ஏன்? இதற்குக் கணக்கோடு விடை சொன்னவர் ரேமண்ட் லிண்டமன்.

இவர் 1915ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவரானதும் சீடார் போக் என்னும் சின்ன ஏரியைத் தேர்ந்தெடுத்தார். ஆளை மூழ்கடிக்கக்கூட ஆழமில்லாத நீர்நிலை அது. ஐந்து ஆண்டுகள் அதிலுள்ள பாசி, புழு, பூச்சி, மீன் எல்லாவற்றையும் எடுத்து எண்ணினார். மனைவி எலினோரும் கூடவே நின்று உதவினார்.

சிறிய பிராணிகள் அதிகம், அவற்றைத் தின்னும் பெரியவை குறைவு. அடுக்கிப் பார்த்தால் பிரமிட் போல இருக்கும் என்று இங்கிலாந்தின் சார்லஸ் எல்டன் 1927இலேயே எழுதியிருந்தார். லிண்டமன் அதைச் சக்திக் கணக்காக மாற்றினார். அந்த ஏரியில் விழுந்த வெயிலில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் தாவரங்கள் பிடித்தன. அதில் சுமார் 13 விழுக்காடே தாவரம் தின்னும் உயிர்களுக்குச் சேர்ந்தது. மீதி? மூச்சு விடுவதிலும், யாரும் தின்னாமல் மக்குவதிலும் போய்விடுகிறது. படிக்குப் படி சக்தி குறைவதால்தான் உச்சியில் இருப்பவை சிலவாக இருக்கின்றன.

1941இல் முனைவர் பட்டம் பெற்று, யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹட்சின்சனிடம் சேர்ந்தார். அவர் எழுதிய கட்டுரையைப் படித்த இரு நிபுணர்கள், இது வெறும் கொள்கை, அச்சிட வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். ஹட்சின்சன் மாணவருக்காக வாதாடினார். இதழாசிரியரும் மனம் மாறி ஏற்றுக்கொண்டார். ஆனால் ஈரல் நோய் முந்திக்கொண்டது. 1942 ஜூன் மாதம், 27 வயது நிறையுமுன்னே லிண்டமன் காலமானார். கட்டுரை அக்டோபரில்தான் வெளிவந்தது. இன்று உணவுச் சங்கிலியைப் பற்றிய பாடங்களுக்கு அது அடிப்படையாக இருக்கிறது.

பெற்றோர்களே, நாம் பாம்பைக் கண்டதும் அடித்துப் போடுகிறோம். பிறகு எலி பெருகிப்போச்சே என்று புலம்புகிறோம். உச்சியில் இருப்பவை சிலவே. அதில் ஒன்று போனாலும் நட்டம் பெரிது.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்கியவர்களுக்கு வாழ்த்துகள். வாங்காதவர்களும் சோர்ந்து போகாதீர்கள். தம் உழைப்பின் பலனைப் பார்க்காமலே போன லிண்டமனை உலகம் மறக்கவில்லை. உங்கள் வீட்டுப் பக்கத்துக் கால்வாயில் என்ன உயிர்கள் இருக்கின்றன, எது எதைத் தின்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதத் தொடங்குங்கள். அவரும் அப்படித்தான் தொடங்கினார்.