தோழர்களோடு நடந்த புனித சவேரியார்

ஆனி மாதம் பிறந்து மேல்காற்று வீசத் தொடங்கிவிட்டால் நம் தென்காசிச் சீமைக்கே தனி அழகு வந்துவிடும். ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டி வரும் அந்தக் காற்று குற்றாலத்திலே சாரலாய்த் தூவும். மலையிலே பெய்த மழை அருவியாய் ஆர்ப்பரிக்கும். நமக்கெல்லாம் இன்பம் தரும் இந்தப் பருவக்காற்று, ஏறத்தாழ 480 ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியாரை நம் கடலிலே எட்டு நாட்கள் திணற வைத்தது. அவரோ மனம் தளரவில்லை. படகு செல்லாவிட்டால் கால் செல்லும் என்று கரை வழியே நடந்தார். அவர்தாம் முத்துக்குளித்துறையின் அப்போஸ்தலராகிய புனித பிரான்சிஸ் சவேரியார்.

தோழியரே! அப்படி நடக்க அவர் எங்கே பழகினார் தெரியுமா? ஐரோப்பாவின் பனி மலைகளிலே, தம் நண்பர்களோடு!

சவேரியார் 1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் ஸ்பெயின் நாட்டுப் பகுதியான நவார் நாட்டில், சவேரியார் கோட்டையில் பிறந்தார். உயர்குடிப் பிள்ளை. 1525-இல் மேற்படிப்புக்காகப் பாரிஸ் மாநகர் சென்றார். ஓட்டத்திலும் தாண்டுதலிலும் வல்லவர் என்ற பெயரும், பெரிய பதவி பெற வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருந்தன. அங்கே அவருடைய அறைத்தோழர் பீட்டர் பேபர். பின்னர் அதே அறைக்கு வந்து சேர்ந்தவர் புனித இஞ்ஞாசியார். போரிலே காலில் காயம்பட்டு, நொண்டி நடந்த அந்த வயது மூத்த மாணவரைச் சவேரியார் முதலில் பொருட்படுத்தவில்லை. எனினும் நாளடைவில் இஞ்ஞாசியாரின் அன்பு அவர் மனத்தை மாற்றியது. 1534-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள், பாரிஸிலுள்ள மோன்மார்த்ர் குன்றின் சிற்றாலயத்தில் ஏழு நண்பர்கள் கூடி, ஏழ்மையிலும் கற்பிலும் வாழ்ந்து எருசலேம் செல்வோம் என்று வாக்குறுதி கொடுத்தனர்.

இஞ்ஞாசியார் முன்னதாக வெனிஸ் நகருக்குச் சென்று காத்திருந்தார். பாரிஸில் நண்பர் கூட்டம் ஒன்பது பேராக வளர்ந்திருந்தது. அப்போது பிரெஞ்சு அரசருக்கும் பேரரசர் ஐந்தாம் சார்லசுக்கும் போர் மூண்டது. நேர்வழி அடைபட்டது. ஆகவே 1536 நவம்பர் 15-ஆம் நாள், குளிர்காலம் தொடங்கும் வேளையில், அவர்கள் சுற்றுவழியாகப் புறப்பட்டனர். மாணவர் அணியும் நீண்ட அங்கி, கழுத்திலே செபமாலை, கையிலே தடி, தோளிலே விவிலியமும் செபப் புத்தகமும் எழுத்துத் தாள்களும் வைத்த தோற்பை. அவ்வளவுதான் அவர்களுடைய மூட்டை!

பிரான்சிலே நாள்தோறும் மழை. அதைக் கடந்தால் ஜெர்மானிய நாடுகளிலே பனி. பாசல், கான்ஸ்டன்ஸ் நகரங்களைக் கடந்து, ஆல்ப்ஸ் மலைகளைத் தாண்டினர். வழியிலே போர்வீரர் நிறுத்தி விசாரித்தால், கூட்டத்திலிருந்த பிரெஞ்சுக்காரர்களே முன்வந்து பதில் சொல்வார்கள். ஏனெனில் ஸ்பெயின் நாட்டினர் எதிரி நாட்டாராகக் கருதப்பட்டனர். ஒருவருக்கு வந்த ஆபத்தை மற்றவர் இப்படித் தாங்கிக்கொண்டனர். மூவர் குருக்களாக இருந்ததால் திருப்பலியும் நற்கருணையும் வழித்துணை ஆயின.

முன்பு தம் ஓட்டத் திறமையில் கொண்ட பெருமைக்குப் பரிகாரமாகச் சவேரியார் கால்களிலே கயிற்றை இறுகக் கட்டிக்கொண்டு நடந்தாராம். கயிறு சதைக்குள் புதைந்து, ஓரடியும் வைக்க முடியாமல் விழுந்தார். நண்பர்களே அவரைத் தாங்கிச் சென்றனர் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். தன்னந்தனியே வெற்றி பெற நினைத்தவர், பிறர் தோளில் சாயவும் கற்றுக்கொண்டார்.

54 நாள் பயணத்துக்குப் பின், 1537 ஜனவரி 8-ஆம் நாள், ஒன்பது பேரும் வெனிஸ் சேர்ந்து இஞ்ஞாசியாரைத் தழுவினர். வந்தவர்கள் ஓய்வெடுக்கவில்லை, மருத்துவமனைகளிலே தீரா நோயாளிகளின் புண்களைக் கழுவினர். போர் அபாயத்தால் எருசலேம் செல்லக் கப்பல் கிடைக்கவில்லை. அந்தத் தடையே இயேசு சபை பிறக்க வழியாயிற்று.

1540-இல் இந்தியாவுக்குப் புறப்பட வேண்டியிருந்த பொபடில்லா என்ற தோழர் நோயுற்றார். அவருக்குப் பதிலாகச் சவேரியார் உடனே இசைந்தார். 1542 மே 6-ஆம் நாள் கோவா வந்து, அவ்வாண்டிலேயே நம் முத்துக்குளித்துறையை அடைந்தார். தமிழ் அறிந்தோர் உதவியால் செபங்களைத் தமிழாக்கி, மணியடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார்.

1544 ஜூன் மாதம் வடுகர் படை தாக்கியதால் மீனவ மக்கள் குமரிமுனைப் பாறைகளிலே ஒதுங்கி, பசியாலும் தாகத்தாலும் மடிந்துகொண்டிருந்தனர். செய்தி கேட்ட சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவேற்றிப் புறப்பட்டார். நான் முதலில் சொன்ன மேல்காற்று எதிர்த்து வீசியது. எட்டு நாள் போராடியும் தோணிகள் போய்ச் சேரவில்லை. கரை திரும்பியவர், பின் 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியைக் கால்நடையாகவே கடந்து அம்மக்களிடம் சென்றார். உண்ண உணவின்றி வந்தோரையும், நடக்க இயலாத முதியோரையும், வழியிலேயே பிள்ளை பெற்ற தாய்மாரையும் கண்டு உள்ளம் உருகினார். அன்று அவர் பக்கத்திலே பாரிஸ் நண்பர்கள் இல்லை. ஆயினும் பனியிலே அவர்கள் தமக்குச் செய்ததையே அவர் இங்கே வெயிலிலும் காற்றிலும் பிறருக்குச் செய்தார்.

1550-ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் ஜப்பான் நாட்டிலும் அவர் நடந்தார். சகோதரர் பெர்னாண்டசும், பெர்னார்டு என்ற ஜப்பானிய இளைஞரும் உடன் வந்தனர். பனியிலே நடந்து தலைநகர் மியாக்கோவை அடைந்தால், அது போரினால் பாழாகிக் கிடந்தது. அரசரைக் காண முடியவில்லை. பதினொரு நாள் இருந்துவிட்டுத் திரும்பி நடந்தார். வீண் நடை என்று சோர்ந்துவிடாமல் யாமகுச்சி நகரிலே பணியைத் தொடர்ந்தார்.

1552 டிசம்பர் 3-ஆம் நாள், சீனக் கரையருகே சான்சியான் தீவிலே, 46-ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார். அன்டோனியோ என்ற சீன இளைஞர் ஒருவரே அருகில் இருந்தார். அவருடைய திருவுடல் கோவாவிலே இருக்கிறது. 1622-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

சவேரியாருடைய வாழ்விலே என் உள்ளத்தைத் தொட்ட செய்தி ஒன்று உண்டு. நண்பர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவரவர் கையெழுத்தை மட்டும் வெட்டியெடுத்து, எப்போதும் தம்மோடு சுமந்து சென்றார். ஆல்ப்ஸ் மலையிலே தோளில் தோற்பை. கீழ்த்திசைக் கடல்களிலே சிறு காகிதத் துண்டுகள். பிரிந்தும் அவர் தோழர்களைப் பிரியவில்லை.

அன்புத் தோழியரே! பத்தாம் வகுப்பு முடிந்ததும் நாமும் திசைக்கொருவராய்ப் பிரிவோம். ஒரே பெஞ்சில் அமர்ந்தவர்கள் வெவ்வேறு ஊர்களில் வாழ்வோம். நண்பர்களிடம் பெற்ற அன்பை நண்பரல்லாதவருக்கும் கொடுப்பதே நட்பின் பயன் என்பதைச் சவேரியார் நடந்து காட்டினார். நாமும் அவ்வழியே நடப்போமாக!