பாடம்: உழவரின் நம்பிக்கையை வென்றவர்
(லட்சுமணராவ் கிர்லோஸ்கர், 1869 – 1956)

நுழையும்முன்

கடைத்தெருவில் இரும்புப் பொருள் விற்கும் கடைகளைக் கண்டிருப்பீர்கள். சுத்தி, திருப்புளி, நீரேற்றும் பொறி எனப் பலவகைக் கருவிகள் அங்கே அடுக்கப்பட்டிருக்கும். ஒரு கருவியைச் செய்வது ஒரு கலை; அது பயன்படும் என்று பிறரை நம்பவைப்பது அதனினும் அரிய கலை. அவ்விரண்டிலும் தேர்ந்த ஒருவரின் வாழ்வை இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் கல்வியும்

லட்சுமணராவ் கிர்லோஸ்கர் 1869ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள், பெல்காம் மாவட்டத்தைச் சேர்ந்த குர்லஹொசூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை காசிநாத் பந்த் வேதாந்தக் கல்வியில் வல்லவர். மகனின் மனமோ ஏட்டுக் கல்வியில் பற்றவில்லை. படம் வரைவதிலும் பொறிகளின் இயக்கத்தை உற்றுநோக்குவதிலுமே அவருக்கு ஈடுபாடு மிகுந்திருந்தது.

ஓவியராக வேண்டும் என்னும் விருப்பத்துடன் அவர் 1885ஆம் ஆண்டு பம்பாய் நகரின் ஜே. ஜே. கலைப்பள்ளியில் சேர்ந்தார். அங்கே எதிர்பாராத தடை ஒன்று எழுந்தது. சில நிறங்களை வேறுபடுத்தி அறியும் ஆற்றல் அவர் கண்களுக்கு இல்லை என்பது தெரியவந்தது. நிறம் அறியாதவர் ஓவியராவது எங்ஙனம்? அவர் கலங்கினார், எனினும் ஊர் திரும்பவில்லை. நிறம் தேவைப்படாத இயந்திர வரைபடக் கலையைப் பயின்றார். பின்னர் அந்நகரின் விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆசிரியரானார். அங்கிருந்த பட்டறைப் பொறிகளைத் தம் கையாலேயே இயக்கிக் கற்றார்.

மிதிவண்டிக் கடை

அக்காலத்தில் மிதிவண்டி நம் நாட்டிற்குப் புதியது. அதனைக் கண்டு வியந்த லட்சுமணராவ், பம்பாயிலிருந்து வண்டிகளை வாங்கிப் பெல்காமில் இருந்த தம் தமையன் இராமுவண்ணாவிற்கு அனுப்பினார். 1888ஆம் ஆண்டு அங்கே அவர்களது சிறுகடை தொடங்கியது. வண்டிகளை விற்றதோடு, பழுது நீக்கிக் கொடுத்தனர், ஓட்டவும் கற்றுக்கொடுத்தனர். கருவியை விற்றவுடன் கடமை முடிவதில்லை. வாங்கியவர் அதனைப் பயன்படுத்தும் வரை தொடர்கிறது என்பதை அச்சிறுகடை அவர்களுக்குக் கற்பித்தது.

நிறுவனத்தில் தகுதியிருந்தும் பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது, லட்சுமணராவ் ஆசிரியப் பணியைத் துறந்து பெல்காம் வந்து சேர்ந்தார். கடை பட்டறையாக வளர்ந்தது. மாட்டுத் தீவனத்தை நறுக்கும் பொறியைச் செய்து விற்றனர். உழவருக்கு வேண்டிய கருவிகள் இந்நாட்டிலேயே, இந்நாட்டு மண்ணுக்கு ஏற்பச் செய்யப்படவேண்டும் என்பது அவர் கொள்கையாக உருப்பெற்றது.

விலைபோகாத கலப்பை

மரக்கலப்பை நிலத்தைக் கீறிச் செல்லும். இரும்புக் கலப்பையோ ஆழமாக உழுது, அதன் வளைந்த தகட்டால் மண்ணைப் புரட்டிப் போடும். களைகளின் வேரும் அறுபடும். ஆகவே லட்சுமணராவ் இரும்புக் கலப்பைகளைச் செய்து விற்பனைக்கு வைத்தார். ஆனால், வாங்க ஒருவரும் முன்வரவில்லை. இரும்பு பட்டால் நிலம் நஞ்சாகிவிடும் என்று உழவர்கள் அஞ்சினர். முதல் கலப்பை விலைபோவதற்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

அவர்களது அச்சத்தை நாம் எள்ளுதல் ஆகாது. மிதிவண்டி வாங்கியவருக்கு அது பயன்படாவிட்டால் பணம் மட்டுமே இழப்பு. உழவருக்கோ ஒரு பருவம் பொய்த்தால் ஓராண்டு உணவே இழப்பு. வழிவழியாகச் சோறிட்ட மரக்கலப்பையை ஒரு கடைக்காரரின் சொல்லை நம்பி அவர் எப்படிக் கைவிடுவார்? இச்சூழலில் லட்சுமணராவ் பட்டறையை மூடவும் இல்லை. உழவரைப் பழிக்கவும் இல்லை. பொறுமையுடன் காத்திருந்தார். உழுத நிலமே சான்றாக நின்றபோது, ஒருவர் கண்டதை மற்றவர் கேட்டு, மெல்ல மெல்லக் கலப்பை ஊர்களுக்குள் சென்றது.

கள்ளிக்காட்டில் ஓர் ஊர்

தொழில் தழைக்கத் தொடங்கிய வேளையில் இன்னோர் இடர் வந்தது. நகராட்சியின் கட்டுப்பாடுகளால் பெல்காமில் பட்டறையைத் தொடர்ந்து நடத்த இயலாமற்போயிற்று. பொறிகளும் தொழிலாளரும் இருக்க, நிலம் மட்டும் இல்லை. 1910ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவர் இடம் தேடி அலைந்தார். அப்போது அவுந்த் சமத்தானத்தின் அரசர் உதவிக்கரம் நீட்டினார். குண்டல் ரோடு தொடர்வண்டி நிலையத்தின் அருகே நிலமும், வட்டியின்றிப் பத்தாயிரம் ரூபாய்க் கடனும் அளித்தார். அவ்வரசர் தாமும் ஓவியர் என்பது குறிப்பிடத்தக்கது.

அந்நிலம் கள்ளி மண்டிய தரிசு, பாம்புகள் நிறைந்தது. அதனைத் திருத்தித் தொழிற்கூடமும் தொழிலாளர் குடியிருப்பும் அமைத்தனர். அவ்வூரே கிர்லோஸ்கர்வாடி ஆயிற்று. அங்கே தீண்டாமைக்கு இடமில்லை என்பதை லட்சுமணராவ் உறுதியாக நிலைநாட்டினார். சிறைத்தண்டனை பெற்று மீண்ட சிலரை இரவுக் காவலராகவும் அமர்த்தினார். உழவர் தம் கலப்பையை நம்பவேண்டும் என்று காத்திருந்தவர், பிறர் நம்ப மறுத்த மனிதர்களைத் தாம் நம்பினார்.

பீரங்கி கலப்பையாயிற்று

முதல் உலகப்போர்க் காலத்தில் (1914 – 1918) அயல்நாட்டுக் கருவிகளின் வரவு குறைந்தது. உள்நாட்டுக் கலப்பைகளுக்குத் தேவை பெருகியது. ஆனால் வார்ப்பதற்கு இரும்பு கிட்டவில்லை. அந்நிலையில் கோலாப்பூர் அரசர் சாகு மகாராஜ், பயனற்றுக் கிடந்த பழைய பீரங்கிகளை அவருக்கு அளித்தார். போருக்காக வார்க்கப்பட்ட இரும்பு உருகி, உழவுக்கருவியாக மறுபிறவி எடுத்தது.

1920ஆம் ஆண்டு, தொழிற்கூடச் செய்திகளை மக்களிடம் சேர்ப்பதற்காக மராத்தியில் ஓர் இதழ் தொடங்கப்பட்டது. அது பின்னாளில் புகழ்பெற்ற இலக்கிய இதழாக வளர்ந்தது. கலப்பையைத் தொடர்ந்து கரும்பு பிழியும் பொறி, நிலக்கடலை உடைக்கும் பொறி, நீரேற்றும் பொறி ஆகியனவும் அங்கு உருவாயின. அவர் மகன் சந்தனுராவ் அமெரிக்காவில் பொறியியல் பயின்று வந்து தொழிலில் இணைந்தார். 1946ஆம் ஆண்டு பூனாவில் எண்ணெய் எந்திரத் தொழிற்சாலையும் பெங்களூரில் மின்கருவித் தொழிற்சாலையும் நிறுவப்பட்டன.

நிலைத்த பெயர்

லட்சுமணராவ் 1956ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் மறைந்தார். அவரது நூற்றாண்டான 1969இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. முதற்கடை இருந்த பெலகாவித் தெரு இன்று கிர்லோஸ்கர் சாலை எனப்படுகிறது. பூனாவிலிருந்து மிரஜ் செல்லும் தொடர்வண்டியில் பயணம் செய்வோர், கிர்லோஸ்கர்வாடி என்னும் பெயர்ப்பலகையைக் காணலாம். ஒரு காலத்தில் அங்கே கள்ளியன்றி வேறொன்றும் இல்லை.

சொல்லும் பொருளும்

தமையன் – அண்ணன்
எள்ளுதல் – இகழ்தல்
இடர் – துன்பம்
தரிசு – பயிரிடப்படாத நிலம்
சமத்தானம் – சிற்றரசு

பயிற்சி

அ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. லட்சுமணராவ் ஓவியக் கல்வியைக் கைவிட்டது ஏன்?
2. மரக்கலப்பைக்கும் இரும்புக் கலப்பைக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. பழைய பீரங்கிகள் எவ்வாறு பயன்பட்டன?

ஆ) சிந்தித்து எழுதுக.
உழவர்களின் அச்சம் நியாயமானதா? உங்கள் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.

இ) செயல்பாடு
உங்கள் வீட்டருகே உள்ள இரும்புக் கடைக்குப் பெற்றோருடன் செல்க. அங்குள்ள ஐந்து கருவிகளின் பெயர்களைத் தமிழிலும், நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியிலும் கேட்டு எழுதுக.