சுக்கான் பிடித்த ‘மெட்டல் மைக்’

சென்ற விடுமுறையில், எங்கள் மஸ்ஜித் தானாவுக்கு அருகிலுள்ள கோலா லிங்கியில் ஒரு சிறு படகுக்குத் தானியங்கிச் சுக்கான் பொருத்துவதைப் பார்த்தேன். சோதனை ஓட்டத்தில் படகு பாம்புபோல் நெளிந்தது. எதிர்ச்சுக்கான் அளவைக் கொஞ்சம் கூட்டினார்கள், நேராக ஓடியது.

அந்தச் சூட்சுமத்தைத் தேடிப் படித்தபோதுதான் எல்மர் ஸ்பெர்ரியை அறிந்தேன். 1860-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். பிறந்தவுடனே தாயை இழந்து உறவினரிடம் வளர்ந்தார். இரும்புக் கப்பலில் காந்த ஊசி தடுமாறும் என்பதால், வேகமாகச் சுழலும் சக்கரத்தைக் கொண்டு திசைகாட்டி செய்தார். 1911-இல் ‘டெலவேர்’ போர்க்கப்பலில் அது சோதிக்கப்பட்டது.

அடுத்தது சுக்கான். அனுபவசாலி மாலுமி, கப்பலின் முகப்பு சரியான திசைக்கு வந்து சேருமுன்பே சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுவார்; இல்லையேல் கப்பல் திசை தாண்டிப் போய்விடும். ஸ்பெர்ரி இந்தக் கைப்பழக்கத்தைத்தான் 1920-களில் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தார். கண்டுபிடிப்பாளர் தொழிலாளியின் கையைக் கவனித்தது எனக்கு மிகவும் பிடித்தது. மாலுமிகள் அந்த இயந்திரத்துக்கு ‘மெட்டல் மைக்’ என்று பெயர் வைத்தார்கள்.

மகன் லாரன்ஸ் இதே நுட்பத்தை விமானத்துக்குக் கொண்டுபோனார். 1914-இல் பாரிஸில், கைகளை உயரத் தூக்கிக்கொண்டே பறந்து காட்டினார். 1923 டிசம்பரில் அவரது விமானம் ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. அவர் உயிர் பிழைக்கவில்லை. தந்தை 1930-இல் மறைந்தார்.