டாக்டர் டானவன் சரித்திரச் சுருக்கம்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வாழும் நம் குலத்தார் இல்லங்களில், காய்ச்சல் கண்டால் நாட்கணக்கில் கைமருந்து செய்து, பின்னரே இரத்தம் சோதிக்கச் செல்லும் வழக்கம் இன்னும் முற்றும் ஒழிந்தபாடில்லை. நோய் இன்னதென அறிதலே சிகிச்சைக்கு முதற்படியாம். இதனை விளக்கவேண்டி, சென்னையில் தொண்டாற்றிய சார்லஸ் டானவன் என்னும் பெரியாரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுந்தோம்.

இவர் 1863-ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்தார். அயர்லாந்து தேசத்தில் வைத்தியக் கல்வி பயின்று, 1891-இல் இந்திய மெடிக்கல் சர்வீஸில் அமர்ந்தார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராகவும், ஜெனரல் ஆஸ்பத்திரியில் வைத்தியராகவும் விளங்கினார்.

அந்நாளில் நெடுங்காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமும் கொண்டு, உடல் மெலிந்து மாண்டோர் பலர். மலேரியா என்றெண்ணிக் கொயினா கொடுத்தும் பயனில்லை. 1903 ஏப்ரலில், இறந்தார் ஒருவருடைய மண்ணீரலில் நுண்ணிய உருவங்கள் சிலவற்றை டானவன் கண்டார். எனினும், அவை மரணத்தின் பின் உண்டாகும் விகாரமோ என்னும் ஐயத்திற்கு இடமிருந்தது. ஆதலின் ஜூன் 17-இல், உயிருடனிருந்த நோயாளிச் சிறுவன் ஒருவனது மண்ணீரலினின்று ஊசியால் இரத்தமெடுத்துப் பூதக்கண்ணாடியில் நோக்கினார். ஆங்கும் அவ்வுருவங்களே தோன்றின. ஐயம் அகன்றது.

இதே கிருமியை லீஷ்மன் என்னும் இராணுவ வைத்தியர், டம்டம்மில் நோயுற்று இங்கிலாந்தில் இறந்த சிப்பாய் ஒருவனிடம் 1900-இல் கண்டு, 1903 மே மாதத்தில் வெளியிட்டிருந்தார். முதன்மை யாருக்கென்ற வாதம் எழ, மலேரியா ஆராய்ச்சியாற் புகழ்பெற்ற ரொனால்டு ராஸ், இருவர் பெயரையும் இணைத்து லீஷ்மானியா டானவனி என்று அக்கிருமிக்குப் பெயரிட்டார். காலா அஜார் எனும் கருங்காய்ச்சலின் மூலம் இங்ஙனம் வெளிப்பட்டது. பின்னர்க் கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மசாரி 1920-இல் ஆக்கிய யூரியா ஸ்டிபமைன் என்னும் மருந்து எண்ணிறந்த உயிர்களைக் காத்தது.

1905-இல் மற்றொரு கொடிய புண்நோயின் கிருமியையும் டானவன் கண்டறிந்தார். இராயப்பேட்டை ஆஸ்பத்திரியின் தலைமையையும் வகித்தார். வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்வதிலும் பேரார்வமுடைய இவர், 1951-இல் இங்கிலாந்தில் காலமானார்.

இச்சரித்திரத்தால் நாம் அறிவது யாது? மலேரியா, டைபாய்டு, டெங்கு ஆகிய மூன்றும் தொடக்கத்தில் ஒன்றுபோல் தோன்றும், சிகிச்சையோ வெவ்வேறு. அவற்றைப் பிரித்துக் காட்டுவது பரிசோதனைச் சாலையே. ஆகையால் பெற்றோர் காலந்தாழ்த்தாது சோதனை செய்விப்பாராக. நம் புதல்வரும் புதல்வியரும் நுண்ணுயிரியல் பயின்று, கண்ணுக்குப் புலனாகாப் பகையைக் கண்டு சொல்லும் அரும்பணியில் முன்வருவாராக.