பால்கேயும் பட்டாணிச் செடியும்

சிவாஜி கணேசன், கே. பாலசந்தர், ரஜினிகாந்த் ஆகியோர் தாதாசாகேப் பால்கே விருது பெற்றவர்கள் என்பதை உங்கள் வீட்டில் பேசக் கேட்டிருப்பீர்கள். அவ்விருதுக்குப் பெயர் தந்தவர், படமெடுக்கத் துணிந்தபோது நாற்பது வயதைக் கடந்திருந்தார். நிலையான வருவாயும் அவருக்கு அப்போது இல்லை.

துண்டிராஜ் கோவிந்த் பால்கே 1870ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், நாசிக்கை அடுத்த திரியம்பகத்தில் பிறந்தார். பம்பாயிலும் பரோடாவிலும் ஓவியமும் ஒளிப்படக் கலையும் பயின்றார். தொல்லியல் துறையில் சில காலம் பணியாற்றிய பின் அச்சகம் நடத்தினார். கூட்டாளிகளுடன் பிணக்கு ஏற்பட்டு அதையும் விட்டார். அந்நாளில் ஏசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் அயல்நாட்டுப் படம் ஒன்றைப் பம்பாயில் கண்டார். நம் நாட்டுக் கதைகளையும் இவ்வாறு திரையில் காட்டலாமே என்னும் எண்ணம் அவருள் வேரூன்றியது. ஓய்வின்றிப் படங்களைப் பார்த்து ஆராய்ந்ததால் உடல் நலிந்தது. சில காலம் கண்பார்வையும் போயிற்று. பார்வை மீண்டதும் ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களை அடகு வைத்து, 1912இல் இலண்டன் சென்று தொழில் கற்றுத் திரும்பினார்.

கேமரா வந்துவிட்டது, படத்துக்குப் பணம் இல்லை. வெறும் சொல்லை நம்பிப் பொருள் தர எவரும் முன்வரவில்லை. பால்கே ஒரு தொட்டியில் பட்டாணியை விதைத்தார். அதன் எதிரே கேமராவை அசையாமல் நிறுத்தினார். ஒரு மாதத்துக்கும் மேலாக, நாள்தோறும் சிறிது சிறிதாகப் பதிவு செய்தார். திரைப்படம் என்பது தனித்தனி நிலைப்படங்களின் வரிசையே என்பதை நினைவில் கொள்க. ஒவ்வொரு நிலைப்படமும் ஒரு படச்சட்டம் எனப்படும். படச்சட்டங்கள் விரைந்து ஓடும்போது நம் கண் அவற்றை ஒரே அசைவாகக் காண்கிறது. ஆகவே, பல நாள் வளர்ந்த செடி, திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முளைத்து, தழைத்து, படர்ந்தது! அதனைக் கண்ட சிலர் கடன் தர இசைந்தனர். கதை இல்லை, நடிகர் இல்லை. ஒரு செடி அவருக்காகச் சான்று சொன்னது.

அப்பணமும் போதாமல், மனைவி சரஸ்வதிபாய் தம் நகைகளைத் தந்தார். அக்காலத்தில் விலைக்கு வாங்கும் படச்சுருளின் ஓரங்களில் துளைகள் இரா. இருட்டறையில் அவற்றைத் துளையிட்டவர் அவரே. வெயிலில் வெள்ளைத் துணியைப் பிடித்து நடிகர் முகத்தில் ஒளி பாய்ச்சினார்; குழுவினர் அனைவருக்கும் சமைத்தார். நூல்கள் பால்கேயை இந்தியத் திரைப்படத்தின் தந்தை என்கின்றன. சரஸ்வதிபாயை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. அது போதாது என்பதே என் கருத்து.

‘ராஜா ஹரிச்சந்திரா’ 1913 மே 3ஆம் நாள் பம்பாயில் திரையிடப்பட்டது. நடிக்கப் பெண்கள் முன்வராமையால், தமிழில் நாம் சந்திரமதி என்று அறியும் அரசியாக, உணவு விடுதியில் பணிபுரிந்த சாலுங்கே என்னும் இளைஞர் நடித்தார். இளவரசனாகப் பால்கேயின் மகன் நடித்தான்.

பின்னர் முதல் உலகப்போர்க் காலத்தில் பணமுடை நேர்ந்தது. 1915இல் பால்கே தீக்குச்சிகளையே நடிகர்களாக்கி ஒரு குறும்படம் எடுத்தார். செடி தானாக வளர்ந்தது. தீக்குச்சி தானாக நகராது. அதைக் கையால் சிறிது நகர்த்திக் கையை விலக்கி ஒரு படம் எடுக்க வேண்டும். மீண்டும் நகர்த்தி மீண்டும் எடுக்க வேண்டும். இதுவே இன்று ஸ்டாப் மோஷன் எனப்படுகிறது. அப்படத்தின் படி ஒன்றும் இன்று கிடைக்கவில்லை என்பது பேரிழப்பு.

பேசும்படங்கள் பெருகியபின் பால்கேயின் புகழ் மங்கியது. 1944 பிப்ரவரி 16ஆம் நாள் அவர் நாசிக்கில் மறைந்தார். அவர் பெயரிலான விருது 1969ஆம் ஆண்டிலிருந்து வழங்கப்படுகிறது.

குழுச் செயல்பாடு: ஐவர் ஒரு குழுவாகச் சேர்க. மருந்து நீக்கிய தீக்குச்சிகளையோ நாணயங்களையோ நடிகர்களாகக் கொண்டு 10 நொடிப் படம் ஒன்று எடுக்க. நொடிக்கு 12 படங்கள் எனக் கொண்டால் 120 படங்கள் தேவை. கைபேசி இம்மியும் அசையாதபடி நிறுத்துக. சன்னல் வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும். ஆதலால் மின்விளக்கைப் பயன்படுத்துக. ஒருவர் நகர்த்த, ஒருவர் படமெடுக்க, ஒருவர் கணக்கு வைத்துக்கொள்க. மற்ற இருவர் கதையையும் விளக்கையும் கவனிக்க. படத்தின் இறுதியில், விளக்கைப் பிடித்து நின்றவர் உட்பட, ஐவர் பெயரையும் தமிழில் எழுதிச் சேர்க்க.