வளைந்தும் வழி தவறாத அம்பு: ஆதிவாசித் தலைவர் திசாஹாமி

ஸ்பிரிங்வெளி தோட்டத்துப் பிள்ளைகளான நாங்கள் பாடசாலைச் சுற்றுலாவில் ஒருமுறை தம்பானைக்குப் போனோம். மஹியங்கனைக்கு அப்பால் இருந்தாலும் அதுவும் எங்கள் பதுளை மாவட்டம்தான். அங்கே ஆதிவாசி ஒருவர் அம்பெய்து காட்டினார். நாணை விட்டதும் அம்பின் வால் பாம்புபோல் நெளிந்தது. ஆனாலும் குறி தப்பவில்லை. ஏன் என்று கேட்க அன்று எனக்குத் தெரியவில்லை.

தம்பானை என்றால் நினைவுக்கு வருபவர் ஊருவரிகே திசாஹாமி. வெண்தாடியும் தோளில் கோடரியுமாகப் பத்திரிகைகளில் நாடே பார்த்த ஆதிவாசித் தலைவர். காட்டில் வேட்டையாடியும், தேன் எடுத்தும், சேனைப் பயிர் செய்தும் வாழ்ந்த சமூகத்தில் பிறந்தவர். அச்சமூகத்தின் பழைய ஆயுதம் வில். 17 ஆம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் அதைப்பற்றி எழுதியிருக்கிறார். தங்களுக்கு வேண்டிய அம்புமுனையின் வடிவத்தை இலையில் வெட்டி, இறைச்சியோடு சேர்த்து இரவில் கொல்லன் பட்டறையில் தொங்கவிட்டுப் போவார்களாம். அளவில் அவ்வளவு கவனம்.

அந்தக் கவனத்துக்குக் காரணம் உண்டு. அம்பு வில்லின் நடுவில் இல்லை, பிடியின் பக்கவாட்டில் இருக்கிறது. நாண் பின்னாலிருந்து தள்ளும்போது கனமான முனை உடனே நகராது. இடையில் தண்டு வளைகிறது. வளைந்து, மறுபக்கம் நெளிந்து, பிடியில் மோதாமல் விலகிப் போகிறது. பறக்கப் பறக்க அதிர்வு அடங்கி நேராகிறது. தண்டு வில்லின் வலுவுக்குப் பொருந்த வேண்டும். வலக்கைக்காரர் எய்யும்போது, அதிக விறைப்பான அம்பு இடப்பக்கம் போகும்; அதிகம் வளைவது வலப்பக்கம் போகும். முனையின் கனம் கூடினாலும் தண்டின் நீளம் கூடினாலும் வளைவு கூடும். 1930களில் அமெரிக்காவில் ஹிக்மன், குளொப்ஸ்டெக் போன்ற ஆய்வாளர்கள் அதிவேகப் படப்பிடிப்பின் மூலம் இந்த நெளிவை ஆராய்ந்தார்கள். காட்டு மனிதர்களின் கைக்கு அது முன்பே பழகியிருந்தது.

1983 என்றால் நமக்கு யூலை. பதுளை நகரும் அன்று எரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் மாதுரு ஓயா தேசிய பூங்கா பிரகடனமானது. 58,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலம். தலைமுறைகளாக வேட்டையாடிய காட்டில் ஆதிவாசிகள் சட்டவிரோத வேட்டைக்காரர்கள் ஆனார்கள். பல குடும்பங்கள் மகாவலிக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. திசாஹாமி போக மறுத்தார். சில குடும்பங்களோடு தம்பானைப் பக்கத்துக் கொட்டபக்கினியாவிலேயே தங்கிவிட்டார்.

முற்றாக விறைத்தும் நிற்கவில்லை அவர். தேடி வந்தவர்களோடு பேசினார். தன் மக்களின் கதையை வெளியுலகம் அறியவிட்டார். காட்டின் மீதான உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. 1996 இல் அவர் மகன் வன்னில அத்தோ ஜெனீவாவில் ஐ.நா. கூட்டத்தில் அந்தக் கோரிக்கையை வைத்தார். 1998 இல் திசாஹாமி காலமானார். தலைமை மகனுக்கு வந்தது. கோரிக்கையும் கூடவே வந்தது.

வாகரைப் பக்கம் தமிழ் பேசும் வேடர் குடும்பங்கள் இருக்கின்றன. யுத்தம் அவர்களையும் துரத்தியது. தலைமுறைகளாக லயத்தில் இருந்தும் ஒரு துண்டு நிலத்துக்கு உறுதியில்லாதவர்கள் நாங்கள். முகாமிலிருந்து திரும்பியும் சொந்தக் காணிக்குள் போகமுடியாமல் வேலிக்கு வெளியே நின்றவர்கள் வடக்கு, கிழக்கில் இருக்கிறார்கள். திசாஹாமி கேட்டதும் நாம் கேட்பதும் வெவ்வேறல்ல: இருந்த இடத்தில் இருக்க விடுங்கள் என்பதுதான்.